மீட்கவொண்ணாதது எது?

இழந்த பொருள் இருவகைத்து. தேடினாற் கிடைப்பது ஒன்று; தேடியும் கிடையாதது மற்றொன்று. இவ்விரண்டாம் வகையைச் சுட்டுதற்கு ஆங்கிலத்தில் ‘இர்ரிட்ரீவபிள்’ என்றோர் அடைமொழி வழங்குகின்றது. செய்தித்தாளிலும், நீதிமன்றத் தீர்ப்பிலும், இரங்கலுரையிலும் நாம் அடிக்கடி காணும் சொல்லே அது. ஆயினும் அதன் பொருளெல்லையை அளந்தறிந்து வழங்குவார் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவரல்லேம் என்பதைச் சென்ற ஆண்டில் ஒரு பாடவேளை எமக்கு உணர்த்திற்று. அதன் பயனாய் எழுந்ததே இக்கட்டுரை.

மொழிபெயர்ப்பு வகுப்பில் எம் பேராசிரியர் ஓர் ஆங்கிலத் தொடரைக் கரும்பலகையில் எழுதி, அதனைத் தமிழாக்குமாறு பணித்தார். பழந்தமிழ் நூல்களுட் சில, இனி எவ்வாற்றானும் கிடையாதவாறு ஒழிந்தன என்பது அத்தொடரின் கருத்து. அதன்கண் இவ்வடைமொழி நின்றது. மாணவர் மூவர் எழுந்து விடை கூறினோம். ஒருவர் ‘மீட்கப்படாத நூல்கள்’ என்றார். மற்றொருவர் ‘மீட்கத்தகாத நூல்கள்’ என்றார். நாமோ, தெருச் சுவரிற் கண்ணீர் அஞ்சலித் தாள்களைப் படித்துப் பழகிய பழக்கத்தால், ‘ஈடுசெய்ய முடியாத நூல்கள்’ என்றோம். பேராசிரியர் மூன்றனையும் பலகையில் எழுதி, “மூன்றும் பிழை, ஆனால் மூன்றும் வெவ்வேறு பிழை. எங்ஙனம் என்று அறிந்து வாருங்கள்” என்று கூறிச் சென்றார். அறிந்து வந்தவற்றை ஈண்டுக் கூறுவாம்.

முதற்கண் சொல்லின் உறுப்புக்களைப் பிரித்து நோக்குவோம். ‘இர்’, ‘ரிட்ரீவ்’, ‘அபிள்’ என்னும் மூன்று உறுப்பான் ஆயது இச்சொல். முதலுறுப்பு இலத்தீன் மொழியில் இன்மைப் பொருள் தரும் ‘இன்’ என்னும் முன்னொட்டே. ரகரத்தின் முன் நின்றமையின் அதன் ஈறு ரகரமாய்த் திரிந்தது. லகரத்தின் முன் ‘இல்’ என்றும், மகர பகரங்களின் முன் ‘இம்’ என்றும் அது திரியும். பொன்னும் குடமும் புணருங்கால் ‘பொற்குடம்’ ஆதலைக் கற்ற நமக்கு இத்திரிபு வியப்புத் தருவதன்று. ஈற்றுறுப்பாகிய ‘அபிள்’ என்பது ‘இயலும்’ என்னும் ஆற்றற்பொருள் உடையது.

நடுநின்ற ‘ரிட்ரீவ்’ என்னும் வினையே இச்சொல்லுக்கு உயிர். அது பழைய பிரெஞ்சு மொழியினின்றும் ஆங்கிலம் புகுந்தது. ‘ரெ’ என்பது ‘மீண்டும்’ எனவும், எஞ்சிய பகுதி ‘கண்டெடுத்தல்’ எனவும் பொருள்படும். முற்காலத்தில் இவ்வினை பெரிதும் வேட்டைநாயின் தொழிலைக் குறித்து வழங்கிற்று. புதரிலும் நாணலிலும் தப்பி மறைந்த வேட்டைப்பொருளை நாய் மோப்பம் பிடித்துச் சென்று மறுபடியும் கண்டுபிடித்தலே ‘ரிட்ரீவ்’ எனப்பட்டது. வீழ்ந்த பறவையை வாயிற் கவ்விக் கொணரும் நாயினத்தை இன்றும் ‘ரிட்ரீவர்’ என்றே அழைக்கின்றனர். பின்னர் இழந்த பொருள், இழந்த பெயர், இழந்த நிலைமை ஆகிய எவற்றையும் திரும்பப் பெறுதற்கு இச்சொல் விரிந்தது. நம் காலத்தில் கணினியின்கண் சேமித்து வைத்த செய்தியைத் தேடி எடுத்தலும் இவ்வினையாலேயே குறிக்கப்படுகின்றது.

இவ்வரலாற்றினின்று நாம் அறியக்கிடப்பது யாது? இச்சொல்லின் வேரில் ‘தேடுதல்’ என்னும் தொழில் அடங்கியிருக்கின்றது. ‘இர்ரிட்ரீவபிள்’ என்பது ‘போயிற்று’ என்னும் அளவில் நில்லாது. தேடச் சென்ற நாயும் வெறுவாயோடு திரும்பிற்று என்பதே அதன் முழுப்பொருள். தேடாதவன் வாயில் இச்சொல் பொருந்தாது. இக்கட்டுரையின் கருத்து இவ்வளவே. இனி வருவனவெல்லாம் இதற்கு விளக்கமும் சான்றுமாம்.

இச்சொல்லோடு ஒரு குடியிற் பிறந்தாற்போன்ற வேறு பல சொற்களும் ஆங்கிலத்தில் உள. அவற்றைப் பிரித்தறியாமையே பெரும்பான்மையான பிழைக்குக் காரணம். ‘இர்ரிப்பேரபிள்’ என்பது செப்பனிட முடியாதது. உடைந்த பொருள் கண்முன்னே கிடக்கும், ஒட்டுதல்தான் இயலாது. ‘இர்ரெவக்கபிள்’ என்பதன் வேரில் ‘அழைத்தல்’ உள்ளது. வாயினின்று சென்ற ஆணையையோ வாக்கையோ திரும்பக் கூவியழைக்க முடியாமை அது. ‘இர்ரிடீமபிள்’ என்பதன் வேரில் ‘விலைக்குக் கொள்ளுதல்’ உள்ளது. அடகு வைத்த நகை தவணை கடந்து ‘மூழ்கிப் போயிற்று’ என்கின்றோமே, அந்நிலை அதற்கு ஒக்கும். ‘இர்ரிவர்சிபிள்’ என்பது பின்னோக்கித் திருப்ப முடியாதது. சோறு மீண்டும் அரிசியாகாது, ஆனாற் சோறு தொலைந்து போகவில்லை, உண்ணக் கிடைக்கின்றது. ‘இர்ரிப்ளேசபிள்’ என்பது அதனிடத்தில் வேறொன்றனை வைக்க முடியாதது.

நாம் வகுப்பிற் கூறிய ‘ஈடுசெய்ய முடியாத’ என்னும் தொடர் இக்கடைசிச் சொல்லுக்கே பெரிதும் உரியது. ஒரு தாய் தன் மகனுக்குக் கைப்பட எழுதிய கடிதம் பெட்டியிற் பத்திரமாய் இருக்கும்போதே ஈடுசெய்ய முடியாதது. அதே கடிதம் தீயில் வெந்தொழிந்தால் அப்பொழுது மீட்கவொண்ணாதது. முன்னது பொருளின் அருமையைக் கூறும். பின்னது அதன் முடிவைக் கூறும். அருமையை உணர்த்தும் சொல்லை உயிரோடிருக்குங்கால் வழங்குவதே முறை. நம்மவரோ அதனை இரங்கற்றாளுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

இனி இவ்வடைமொழியின் வழக்கைப் பற்றிச் சில கூறுவாம். இதற்குப் பெரும்பாலும் ஒப்புமைப் படிகள் இல்லை. ‘மிகவும் இறந்தவன்’ என்று தமிழிற் கூறுதல் நகைக்கு இடமாதல் போல, ‘மிகவும் இர்ரிட்ரீவபிள்’ என்பதும் ஆங்கிலத்தில் நன்கு அமையாது. இது ‘இழப்பு’, ‘சிதைவு’, ‘முறிவு’ போன்ற பெயர்களைத் தழுவி வருதல் பெரும்பான்மை. இறந்த மனிதரை நேரே இவ்வடையாற் சிறப்பித்தல் வழக்கன்று. அவரை இழந்த இழப்பையே சிறப்பிக்க வேண்டும். வினையடையாய் வருங்கால் ‘தொலைந்தது’ என்னும் வினையோடு சேர்ந்து ‘இனி மீளாவண்ணம் தொலைந்தது’ என்னும் பொருள் தரும்.

சட்டத்துறையில் இச்சொல் பெற்றுள்ள இடம் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் 1969 ஆம் ஆண்டில் நிறைவேறிய மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம், ‘மீட்கவொண்ணாத முறிவு’ ஒன்றனையே மணவிலக்குக்கு அடிப்படையாக்கிற்று. இந்தியாவில் சட்ட ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டில் தன் 71 ஆம் அறிக்கையில் இக்காரணத்தை இந்து மணச் சட்டத்திற் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றம், அரசியலமைப்பின் 142 ஆம் உறுப்பு தனக்களித்த அதிகாரத்தைக் கொண்டு இக்காரணம்பற்றி மணவிலக்கு அளிக்கலாம் என்று தீர்ப்புக் கூறிற்று. அத்தீர்ப்பில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. ஒருவர் வந்து ‘முறிந்தது’ என்று கூறிய மாத்திரத்தில் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொள்வதில்லை. எத்துணைக் காலம் சேர்ந்து வாழ்ந்தனர், எத்துணைக் காலம் பிரிந்திருந்தனர், இணக்கம் காண எத்துணை முயற்சிகள் நடந்தன என்பவற்றையெல்லாம் ஆராய்தல் வேண்டும் என்றும், ஆறு ஆண்டோ அதற்கு மேலோ ஆன பிரிவு கருதத்தக்கது என்றும் கூறினர். ஆகவே முயற்சியெல்லாம் ஓய்ந்தபின் உரைக்கப்படும் இறுதித் தீர்ப்பே இச்சொல் என்பதைச் சட்டமும் ஒப்புகின்றது.

நிற்க. நம் தமிழில் ‘மீட்டல்’ என்னும் சொல் ஆங்கிலச் சொல்லினும் ஆழமுடைத்து என்பது எம் துணிபு. புறத்திணை கற்றார், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டலைக் கரந்தை எனக் கூறுவதை அறிவர். ஆநிரை தானே திரும்பி வருவதில்லை. மீட்கச் சென்றவன் தன் உயிரை விலையாய் வைத்தான். அவன் பொருட்டு நடப்பட்ட நடுகற்கள் இன்றும் நம் நாட்டின் வெளிகளிற் காணப்படுகின்றன. வைகை பாயும் தேனி மாவட்டத்தில், புலிமான்கோம்பை என்னும் ஊரில், 2006 ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த பழந்தமிழ் எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று ஆகோட் பூசலைக் குறிப்பது. தொல்காப்பியத்திற் பயிலும் ‘ஆகோள்’ என்னும் சொல் அக்கல்லிலும் இருக்கக் கண்டு அறிஞர் வியந்தனர். ஈராயிரம் ஆண்டளவாய் மண்ணிடைக் கிடந்த ஒருவன் பெயர் மீட்கப்பட்டது. தேடினார் இருந்தமையின் மீட்கப்பட்டது.

இனி, பலகையில் எழுதப்பெற்ற மூன்று பிழைகளுக்கு வருவோம். ‘மீட்கப்படாத’ என்பது இதுகாறும் எவரும் மீட்டிலர் என்னும் செய்தியை மாத்திரம் கூறும், நாளை மீட்கப்படலாம். ‘மீட்கத்தகாத’ என்பது மீட்டற்குரிய தகுதி அப்பொருளுக்கு இல்லை என்னும் இகழ்ச்சியைக் கூறும். ‘ஈடுசெய்ய முடியாத’ என்பது அருமையைக் கூறும். மூன்றும் ‘இர்ரிட்ரீவபிள்’ ஆகா. பின்னர் நாம் எழுதிச் சென்ற ‘மீட்கலாகாத’ என்பதனையும் பேராசிரியர் ஒப்பவில்லை. ‘அங்குச் செல்லலாகாது’ என்புழிப்போல அது விலக்குப் பொருளும் தந்து மயங்க வைக்கும் என்றார். முடிவில் ‘மீட்கவொண்ணாத’ என்னும் சொல்லே பொருந்துவதென்று கொண்டோம்.

இவை சொல்லாராய்ச்சி செய்வார்க்கே உரிய நுட்பங்கள் என்று எண்ணற்க. மீட்கத்தகாதது என்று ஒருவர் இகழ்ந்து எறிகின்றார். அதனால் அது மீட்கப்படாதது ஆகின்றது. காலம் செல்லச் செல்ல அதுவே மீட்கவொண்ணாதது ஆகிவிடுகின்றது. நம் பழம்பெரு நூல்கள் பல இம்மூன்று படியிலும் இறங்கியே மறைந்தன.

1880 ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் ஐயர் எண்ணிக் கூற, முதலியார் அவற்றில் மனம் வையாது, சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டோ என்று வினவினார். அவ்வொரு வினாவே பின்வந்த அறுபதாண்டுத் தேட்டத்துக்கு வித்தாயிற்று. 1887 இல் சிந்தாமணியும், 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் அச்சேறின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை 1887 இல் கலித்தொகையை வெளியிட்டார். இந்நூல்களெல்லாம் அதற்கு முன் எந்நிலையில் இருந்தன? அழிந்தனவென்று பலர் எண்ணியிருந்தனர்; பெயர்தானும் அறியாதார் அவரினும் பலர். ஆயினும் அவை மீட்கவொண்ணாதன அல்ல, மீட்கப்படாதன. மச்சின் மேலும், மடத்துப் பெட்டியிலும், கவிராயர் வீட்டுப் பரணிலும் ஒருவர் வரவை நோக்கிக் கிடந்தன.

ஆனால் அத்தேட்டத்துக்கும் எட்டாது போயினவும் உள. புறநானூற்றின் 400 பாடல்களுள் 267, 268 ஆம் எண்ணுடையன கிடைத்தில. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. எழுபது பாடல்களையுடையதாயிருந்த பரிபாடலில் 22 பாடல்களே முழுமையாய் எஞ்சின. நம் வையையின் புதுப்புனலை வியந்து பாடிய அந்நூலே பெரும்பகுதியும் நீரிற் கரைந்தாற்போல மறைந்தமை நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துவது. மூவேந்தரைப் பாடிய முத்தொள்ளாயிரத்தில் நூற்றுச் சொச்சம் வெண்பாக்களையே புறத்திரட்டு நமக்குக் காத்துத் தந்தது. வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடலளவில் நிற்கின்றன. ஏடுகளைச் செல்லரித்தது ஒருபுறமிருக்க, பயனற்றவை என்று கருதி ஆற்றுப்பெருக்கில் விட்டாரும், அடுப்பில் இட்டாரும் இருந்தனர் எனச் சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். புறநானூற்று அச்சுப்படியில் 266 ஐ அடுத்து 269 வரும் அவ்விடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். ‘இர்ரிட்ரீவபிள்’ என்னும் சொல்லுக்கு அதனினும் தெளிந்த அகராதிப்பொருள் எங்கும் காணக் கிடையாது.

அச்சேறிய காலத்திலும் இவ்விடர் நீங்கவில்லை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் வெந்தன. கட்டிடம் பின்னர் எழுப்பப்பட்டது. பிறிதோரிடத்திற் படியுள்ள நூல்களை மறுபடியும் வாங்கி வைத்தலும் கூடும். வேறு படியில்லாத ஏடு ஒன்று அங்கு வெந்திருப்பின் அதனை எங்ஙனம் வாங்குவது? ஒரே நெருப்பில் ஈடுசெய்யக்கூடியதும் மீட்கவொண்ணாததும் அருகருகே எரிந்தன.

ஏட்டினின்றும் எம் ஊருக்கு வருவோம். நாம் மதுரை நகரின் தென்பாலுள்ள வில்லாபுரத்தில் வாழ்கின்றோம். அதன் பக்கங்களிற் கண்மாய் நீரும் நெல்வயலும் இருந்தன என்று இன்று ஒருவர் கூறக்கேட்டால் புதியோர் நம்பார். கண்மாய் இருந்த நிலத்தில் வீடுகளும் தெருக்களும் நிரம்பியுள்ளன. நகரின் வடபால் தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம் எனப் பெயர்களிற் குளங்கள் வாழ்கின்றன, நிலத்தில் இல்லை. உலகனேரிப் பகுதியில் 2004 ஆம் ஆண்டு முதல் உயர்நீதிமன்றக் கிளை விளங்குகின்றது. இந்நீர்நிலைகளை மீட்கவொண்ணாதன என்று கூறலாமோ? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் இல்லங்களை இடித்துக் கண்மாய் வெட்டுவார் இலர். ஆகலின் வில்லாபுரத்துக் கண்மாய்க்கு அச்சொல் பெரும்பாலும் பொருந்தும் என்றே வருத்தத்தோடு கூறவேண்டியிருக்கின்றது.

ஆயின் அதே நாவால் கிருதுமால் நதியையும் அவ்வாறு கூறுவது பெரும்பிழை. நகரின் மேற்கே துவரிமான் பக்கத்திற் புறப்பட்டு நகரத்தினூடே செல்லும் அச்சிற்றாறு இன்று கழிவுநீர் ஓடையாய்த் தாழ்ந்துள்ளது. ஆயினும் அதன் கரையும் தடமும் பெயரும் இன்னும் உள்ளன. அஃது ‘மீட்கப்படாதது’. இவ்வேறுபாடு வெறும் இலக்கணமன்று என்பதற்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமே சான்று. திருமலை நாயக்கர் காலத்தில் அமைந்த அப்பெருங்குளம் பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது. சிறுவர் அதனுட் பந்தாடினர். தெப்பத் திருவிழாவும் நீரின்றி ‘நிலைத்தெப்பம்’ ஆயிற்று. இனி அங்கு நீர் ஏது என்று கூறாதார் இலர். அண்மை ஆண்டுகளில் வைகையினின்று வரும் பனையூர்க் கால்வாயைச் செப்பனிட்டு வழி திறந்தனர், குளம் நிறைந்தது, தெப்பம் மிதந்தது. ‘மீட்கவொண்ணாது’ என்று நகரமே கூறிய ஒன்று, ஒரு கால்வாயைத் தூர்வாராமையால் மாத்திரம் மீளாது கிடந்தது.

ஈண்டு எம் சொந்தத் தவறு ஒன்றனையும் ஒளியாது கூறுதல் கடமையாகின்றது. எம் அப்பத்தா இளமையில் வில்லாபுரத்து வயல்களில் நாற்று நட்டவர். நடவுப் பாட்டுக்கள் பல அறிந்தவர். ஞாயிறுதோறும் ஆலயத்திற் கீர்த்தனை பாடுவார். வீட்டில் அரிசி புடைக்குங்கால் நடவுப் பாட்டுப் பாடுவார். நாம் தமிழ் சிறப்புப் பாடம் எடுத்த பின்னர் அவற்றை எழுதி வைக்க எண்ணினோம். கேட்டபோது, “இதெல்லாம் ஒரு பாட்டாய்யா? நீ உன் புத்தகத்தைப் படி” என்று நகைத்தார். அவர் அவற்றை மீட்கத்தகாதன என்று எண்ணினார். நாமோ, தேர்வு முடியட்டும், விடுமுறை வரட்டும் என்று தள்ளி வைத்து, அவற்றை மீட்கப்படாதன ஆக்கினோம். சென்ற ஐப்பசித் திங்களில் அப்பத்தா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தெருமுனையில் ஒட்டப்பட்ட தாளில் உறவினர் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று அச்சிட்டிருந்தனர். அத்தாளின் முன் நின்றபோதுதான் பேராசிரியரின் பலகை எம் நினைவுக்கு வந்தது. அவர் உயிரோடிருந்த நாளெல்லாம் அத்தொடருக்கு உரியராயிருந்தார். அதனை அன்று நாம் கூறினோமில்லை. அவரோடு சென்ற பாட்டுக்களுக்கு இன்று வேறு சொல் வேண்டியிருந்தது.

அச்சொல்லை அன்றே எம் கையேட்டில் எழுதினோம், எழுதியபின் அடித்துவிட்டோம். ஏனெனின், தேடியதில்லையே! அப்பத்தாவின் தங்கை அவனியாபுரத்தில் இருக்கின்றார். எண்பதைக் கடந்தவர், உடன் நாற்று நட்டவர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவரிடம் சென்றோம். முதலில் ஒன்றும் நினைவில்லை என்றார். முறத்தைக் கையில் கொடுத்து அருகில் அமர்ந்தோம். சிறிது நேரம் சென்று, கை அசைய அசைய, வாய் தானே ஒரு பாட்டின் நடுவடியைப் பிடித்தது. இதுகாறும் ஏழு பாட்டுக்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் இரண்டு முழுமை, ஐந்து குறை. “உங்க அப்பத்தாதான் முதல் அடியை எடுத்துக் குடுப்பா, நாங்க வாங்கிப் பாடுவோம்” என்றார் சின்ன அப்பத்தா. ஆகவே அவ்வைந்தன் முதலடிகளும் எம் கையேட்டில் வெற்றிடங்களாய் நிற்கின்றன. அவ்வெற்றிடங்களுக்கு மாத்திரமே நாம் தேடிய அடைமொழியை வழங்கும் உரிமை எமக்கு உண்டு. அதுவும் அவனியாபுரத்து மூதாட்டியர் எல்லோரையும் கேட்டு முடித்த பின்னரே.

லூக்கா சுவிசேஷத்தின் 15 ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆடு, காணாமற்போன வெள்ளிக்காசு, காணாமற்போன குமாரன் என மூன்று உவமைகள் உள்ளமை யாவரும் அறிந்ததே. மேய்ப்பன் காட்டுக்கு நடந்தான். அப்பெண் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கினாள். தகப்பன் வழிமேல் விழி வைத்திருந்தான். தேடும் முறை மூன்று. ஆனால் ஆடு தப்பிய அன்றே, காசு உருண்ட அன்றே, ‘இனிக் கிடையாது’ என்று கூறி உறங்கச் சென்றவர் அம்மூவருள் ஒருவரும் இலர்.

ஆதலின் மாணவ நண்பர்காள், ‘இர்ரிட்ரீவபிள்’ என்னும் சொல்லை எழுதப் புகுமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொருள் போயிற்றா, உடைந்ததா, அன்றி அருமையானதா? போயிற்றெனின், தேடியாயிற்றா? தேடவில்லையெனின், தேடத்தகாதது என்று அதனை இகழ்ந்தவர் யார்? இம்மூன்றற்கும் நேர்மையாய் விடை கூறியபின் அச்சொல்லே எஞ்சுமாயின் எழுதுங்கள். உங்கள் இல்லத்திலும் ஒரு முதியவர் முறத்தோடு அமர்ந்திருக்கலாம். முதலடியை முதலிற் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எம் சொல்லில் பிழையிருப்பின் கற்றறிந்தோர் திருத்தி ஏற்பாராக.